போளூர் வரை கேட்ட பெஞ்ச்மார்க்

மே மாதத்தில் என் வீட்டு மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் டீத்தூளைப் போட்டு வடிகட்டினால் டீ தயார். அடுப்புப் பற்றவைப்பதெல்லாம் ஆடி பிறந்த பிறகுதான். இதைச் சொன்னால் திருவண்ணாமலையிலேயே சிலர் சிரிக்கிறார்கள். ஷோயப் சிரிக்கவில்லை. ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் என் வீட்டின் கீழ்ப்பகுதியை அவன் வாடகைக்கு எடுத்ததே இந்த வெயிலை நம்பித்தான்.

அவன் தொழில், டிஸ்க் பெட்டிகளைச் சோதித்துச் சொல்வது. ஒரு பெட்டிக்குள் பன்னிரண்டு ஹார்ட் டிஸ்க் படுக்கையாக அடுக்கியிருக்கும். பன்னிரண்டும் சேர்ந்து ஒரே பெரிய டிஸ்க் மாதிரி வேலை செய்யும். விற்கிற கம்பெனி அதைப் புயல் என்று சொல்லும். அந்தப் புயலைப் பிடித்து உட்காரவைத்து, இதை எழுது, அதைப் படி என்று ஓயாமல் கேள்வி கேட்டு, எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்று அளப்பதற்குத்தான் பெஞ்ச்மார்க் என்று பெயர். பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்பது போலத்தான். பெட்டி அழாது, ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லாது.

"இந்த வெயில்ல மூச்சு வாங்காம ஓடுற பெட்டி, எந்த ஊர்லயும் ஓடும்ங்க ஐயா" என்பான் ஷோயப்.

அவனுடைய அத்தா ஹபீப் முகம்மது தேரடி வீதியில் பிளாஸ்டிக் வாளிக் கடை வைத்திருப்பவர். பையன் வெயிலை நம்பித் தொழில் தொடங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. முதல் வேலை நல்லபடியாக முடியாவிட்டால் மறுநாளே வாளிக் கடைக்கு வந்து உட்கார வேண்டும் என்று பேச்சு. ஷோயப்புக்கு வாளி என்றாலே ஆகாது. குளிக்கும்போதுகூடக் குழாயடியில்தான் நிற்பான்.

அந்த முதல் வேலை வந்தது, செங்கம் ரோட்டு லாட்ஜ் உரிமையாளர்கள் சங்கத்திடமிருந்து. ஆசிரமத்துப் பக்கம் இருக்கும் லாட்ஜ்களில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் விட்ட செருப்புகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. சங்கம் எல்லா வாசலிலும் கேமரா வைத்தது. எல்லாக் கேமராப் படங்களையும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கச் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் டிஸ்க் பெட்டி கேட்டது. சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள், பெட்டியோடு வினோதினி என்ற இன்ஜினியர் பெண் காரில் வந்து இறங்கினாள்.

நிபந்தனை எளிமையானது. ஷோயப்பின் திரையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். பெட்டி பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் பச்சைக் கோடாக ஓடும். ஒரு மணி நேரம் விடாமல் பச்சை, சிவப்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதலிலிருந்து. மாலை போலீஸ் வந்து ரோட்டை மறிப்பதற்குள் பாஸ் ஆகவில்லையென்றால், வினோதினி பெட்டியோடு சென்னைக்குத் திரும்பிவிடுவாள். ஷோயப் வாளிக்கு.

சங்கத் தலைவர் நேரில் இருந்து பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் நிபந்தனை. தலைவர் சக்கரபாணி. லாட்ஜ் கட்டுவதற்கு முன்னால் பஸ் கண்டக்டர். அவருடைய குரலைப் பற்றி நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. நம் பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் "போளூர், போளூர்" என்று கூவினால், முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் போளூரில் இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, 'நாமதான் ஏற்கெனவே போளூர்ல இருக்கோமே' என்று யோசித்து மறுபடி உட்காருவார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்கிறவர்கள் கதை விடுகிறார்கள்.

ஷோயப் சோதனையை ஓடவிட்டான். அது ஓடும்போதே வினோதினி, எல்லாருக்கும் புரியவேண்டும் என்று, கூடவே கொண்டுவந்திருந்த மூடி கழற்றிய பழைய டிஸ்க் ஒன்றை ஓடவிட்டுக் காட்டினாள். உள்ளே கண்ணாடி போல ஒரு தட்டு. ஸ்விட்சைப் போட்டதும் மெல்ல அசைந்து சுற்ற ஆரம்பித்தது. நாங்கள் குனிந்து பார்த்தோம். சக்கரபாணி மட்டும் நிமிர்ந்தார்.

"நிறுத்துமா!"

திரையில் பச்சைக் கோடு துள்ளியது. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை.

"என்ன சார்?"

"இது எந்தப் பக்கமா சுத்துது?"

"ஆன்டி கிளாக்வைஸ் சார். எல்லா ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான்."

"நடுவுல இருக்கிறதை மலைன்னு வச்சிக்க. மலைய இடது கைப் பக்கம் வச்சிக்கிட்டு இல்ல சுத்துது! கிரிவலம் வர்ற ஊர்ல, கிரிவலக் கூட்டத்தைப் படம் புடிச்சி, அதை எதிர்ப்பக்கமா சுத்துற சாமான்ல வைக்கச் சொல்றியா? ஜனங்க மொத்தமும் டிஸ்க்குக்குள்ள போயி ஒருத்தரை ஒருத்தர் முட்டிக்க மாட்டாங்க?"

ஷோயப் குறுக்கே வந்தான்.

"அண்ணே, எங்க அத்தா ஹஜ்ஜுக்குப் போனப்ப கஅபாவை இந்தப் பக்கமாத்தான் சுத்தினாரு."

"அங்க அதான் முறை தம்பி. நான் அங்க போனா நானும் அப்படித்தான் சுத்துவேன். ஊருக்கு ஊர் ரூட்டு இருக்குதில்ல? வேலூர் பஸ்ஸைக் கொண்டாந்து செங்கம் ரோட்ல வுட முடியுமா?"

அந்த நேரம் பார்த்து சக்கரபாணி திரையைச் சுட்டிக்காட்டினார்.

"பாரு! தாண்டுது பாரு! எதிர்ப்பக்கமா சுத்துற பலனைப் பாரு!"

உண்மையிலேயே பச்சைக் கோடு சிவப்பைத் தாண்டி, பனைமரம் மாதிரி நின்றது. வினோதினி வாயைத் திறந்தபடி பார்த்தாள். காலையில் சென்னையில் ஆபீசிலிருந்து கிளம்பும்போது இதே பெட்டி குழந்தை மாதிரி ஓடியதாம்.

யோசனை சொன்னது ஷோயப்தான். "தலைகீழா வச்சிட்டா?"

"எதை?"

"பெட்டியைத்தான்ங்க. இப்போ மேலேருந்து பாத்தா இடப்பக்கமா சுத்துது. கவுத்து வச்சிட்டா மேலேருந்து பாக்க வலப்பக்கமா சுத்தும்ல?"

சக்கரபாணி ஆள்காட்டி விரலைக் காற்றில் சுற்றி, பிறகு கையைக் கவிழ்த்து மறுபடி சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வினோதினி சென்னைக்குப் போன் செய்து, தலைகீழாக வைத்தால் வாரண்டி உண்டா என்று கேட்டாள். எப்படி வைத்தாலும் ஓடும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, ஆனால் யாரும் இதுவரை கேட்டதில்லை என்று பதில் வந்தது.

பெட்டியை அணைத்து, ஆளுக்கொரு மூலை பிடித்துக் கவிழ்த்தோம். நானும் ஒரு விரல் கொடுத்தேன். கம்பெனிப் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. மறுபடி சோதனை ஓடியது. பச்சைக் கோடு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் படுப்பது மாதிரி, தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

சக்கரபாணி கை கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு, பேச்சே இல்லாமல் நின்றார். ஷோயப் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். வினோதினிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"இது சாத்தியமே இல்லங்க. எந்தப் பக்கம் சுத்தினாலும் வேகம் ஒண்ணுதான். திரும்ப நேரா வச்சி ஒரு தடவை பாக்கணும்."

"அக்கா, உங்க கால்ல விழறேன்" என்று கிசுகிசுத்தான் ஷோயப். "ஏன்னு அப்புறம் கண்டுபிடிக்கலாம். மொதல்ல பாஸ் ஆகட்டும். எங்க கடையில நீங்க வாளி பாத்ததில்லையே? கூரை வரைக்கும் இருக்கு."

அரை மணி நேரம் அமைதியாகப் போயிற்று. அப்போது சக்கரபாணியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார்.

"ஹலோ!"

பச்சைக் கோடு எகிறியது.

"யாரு? லைன் சரியா கேக்கல, சத்தமா பேசு!"

கோடு திரையின் உச்சியில் போய் இடித்தது. வினோதினி திரையைப் பார்த்தாள், அவர் தொண்டையைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். அவர் பேசி முடித்ததும் கோடு இறங்கியது.

"சார்" என்றாள், மிக மரியாதையாக. "ஒரு தடவை ஏதாவது ஊர்ப் பேரு கூப்பிடறீங்களா?"

"எந்த ஊரு?"

"உங்களுக்குப் பிடிச்ச ஊரு."

சக்கரபாணி "செங்கம்" என்றார். சின்ன மேடு. "வேட்டவலம்" என்றார். மேடு எழும்பி, கடைசி எழுத்தில் வாய் மூடியதும் பணிந்தது. "போளூர்" என்றார். இரண்டு திமில் உள்ள ஒட்டகம் மாதிரி வந்தது. பிறகு நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு "கீழ்பென்னாத்தூ...ர்" என்றார். கோடு திரையை விட்டே வெளியே போய்விட்டது. பன்னிரண்டு டிஸ்க்கில் ஒன்று சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. அதற்கு ஒரு வாய் தண்ணீர் தரலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். அதுவாகவே சற்று நேரத்தில் தேறிக்கொண்டது.

வினோதினி விளக்கினாள். தட்டின் மேல் தலைமுடியை விட மெல்லிய கோடுகள் இருக்கும். அதில் ஒரு கோட்டின் மேல் ஓர் ஊசிமுனை ஆடாமல் நிற்க வேண்டும். பக்கத்தில் பெரிய சத்தம் போட்டால் பெட்டி அதிரும், முனை கோட்டை விட்டுவிடும். தட்டு இன்னொரு சுற்று சுற்றி வரும் வரை காத்திருந்துதான் எழுத முடியும்.

"அதாவது" என்றார் சக்கரபாணி, "ஸ்டாப்புல பஸ்ஸை வுட்டுட்டா அடுத்த ட்ரிப்பு வரைக்கும் நிக்கணும்."

"அதேதான் சார். அப்போ பிரச்சினை திசையில இல்ல. உங்க குரல்லதான்."

இப்படி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாளே, மனுஷன் கோபித்துக்கொண்டு பெட்டியே வேண்டாம் என்று போய்விடுவாரோ என்று ஷோயப் பயந்தான். நடந்தது அதைவிட மோசம். அவர் சந்தோஷப்பட்டுவிட்டார்.

"அந்தக் கீழ்பென்னாத்தூருக்கு எவ்ளோ வந்துச்சி?"

"அளவே இல்ல சார். ஸ்கேல் பத்தல."

"ஸ்கேல் பத்தல! தம்பி, இருபது வருஷம் டிப்போவுல கத்தறேன், கத்தறேன்னு எல்லாரும் சொன்னானுங்களே தவிர, ஒருத்தனாவது அளந்து சொன்னானா? இரு, கமிட்டியைக் கூப்புடறேன். வந்து பாக்கட்டும்."

"அண்ணே, பெட்டியைப் பாஸ் பண்ணிட்டு..."

"பெட்டி கெடக்குது. கவுத்தது கவுத்தபடியே இருக்கட்டும், அதை மட்டும் மாத்திடாத. பிரச்சினை குரலா இருந்தாலும் மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

கமிட்டி ஒரு ஷேர் ஆட்டோ நிறைய வந்து இறங்கியது. எல்லாரும் லாட்ஜ்காரர்கள், எல்லாரும் மாடியிலிருந்து கீழே ரிசப்ஷனுக்குக் குரல் கொடுத்தே பழகியவர்கள். தலைவரின் குரல் ஸ்கேலுக்கு அடங்கவில்லை என்று கேள்விப்பட்டதும், ஆனந்தம் தாங்காமல் ஒரே மூச்சில் கத்தினார்கள்.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

கோடு என்ன ஆயிற்று என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள். ஷோயப் அந்தத் திரைக்குப் பக்கத்தில் இன்னொரு திரை வைத்திருந்தான், அதில் ஏறி இறங்கியது என்று மட்டும் சொல்கிறேன்.

மறுபடி முதலிலிருந்து. இப்போது ரோடு மறிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். எல்லாரையும் வெளியே அனுப்பிவிடலாமா என்று வினோதினி கேட்டாள்.

"வெளியேன்னா எவ்ளோ தூரம்?" என்றேன். "இவருக்குப் போளூர் வரைக்கும் போகணும்மா."

அதுவும் போக, நேரில் பார்த்தால்தான் ஏற்றுக்கொள்வோம் என்று கமிட்டி உட்கார்ந்துவிட்டது. ஷோயப் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். ஒருவரும் பேசக் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். சக்கரபாணி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கோடு படுத்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கையை எடுத்தார்.

"பாத்தியா, எவ்ளோ அமைதியா இருக்கேன்!"

மறுபடி முதலிலிருந்து.

அந்தச் சமயத்தில் ஹபீப் முகம்மது வந்து வாசலில் நின்றார். கடைக்கு இன்னொரு சாவி செய்து, அதைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். மகன் தோற்பான் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. உள்ளே எட்டிப் பார்த்தார். ஷோயப் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"பெட்டி நல்லா இருக்கு அத்தா. நான் அளந்ததும் சரிதான். இவங்க ஒரு மணி நேரம் வாயை மூடினா பாஸ்."

"இவனா? சக்கரபாணியா?" ஹபீப் முகம்மது ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல இவன் 'உள்ளேன் ஐயா' சொன்னா அடுத்த கிளாஸ் வாத்தியார் ப்ரசென்ட் போடுவாரு."

"பாய், வாய்யா, வா! என் நம்பர் இன்னான்னு கேளு!" என்றார் சக்கரபாணி. கோடு எகிறியது.

ஹபீப் முகம்மது மகனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார். மகன் உட்காருவதற்குக் கடையில் ஸ்டூல் துடைக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஷோயப்பும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கணினியை அணைக்கக் கையைக் கொண்டுபோனான்.

அதற்குள் அவர் திரும்பி வந்தார். கையில், தெருமுனைப் பெட்டிக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டில். பாட்டில் நிறையக் கமர்கட்.

"தோத்துட்டு வந்து எவனும் என் கடையில வாளி விக்க வேணாம்" என்றார். "அந்த மொகத்தைப் பாத்து ஒரு பொம்பள வாங்க மாட்டா. வாயத் தொறய்யா, சக்கரபாணி."

"எனக்குச் சுகர் ஜாஸ்தி பாய்."

"இதுல சர்க்கரை இல்லய்யா. வெல்லம்தான். தொற."

ஒன்று போட்டார். யோசித்து இன்னொன்றும் போட்டார். கமிட்டிக்கு ஆளுக்கு ஒன்று. வினோதினிக்கு ஒன்று, ஷோயப்புக்கு ஒன்று. எனக்குப் பல் இல்லை, இருந்தாலும் சபை மரியாதைக்கு வாங்கிக்கொண்டேன். மே மாதத்து வேங்கிக்காலில் கமர்கட் என்பது மிட்டாய் இல்லை. அது கோந்து. மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றாகிவிட்டன. ஒரு கமிட்டிக்காரர் கொட்டாவி விட நினைத்து, முடியாமல், அது காது வழியாகப் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

சோதனை தொடங்கியது. பச்சைக் கோடு படுத்தது.

அவ்வளவு அமைதியை நான் அந்த வீட்டில், அதைக் கட்டுவதற்கு முன்னால்கூடக் கேட்டதில்லை. பெட்டியின் மின்விசிறி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. சக்கரபாணி கண்ணாலேயே பேசினார், புருவத்தால் கூவினார். நடுவில் மாடியில் என் மருமகள் வைத்த குக்கர் விசில் அடித்தது. கோடு எழுந்தது. எல்லாரும் எழுந்தோம். சிவப்புக்கு ஒரு நூல் கீழே வந்து, நின்று, யோசித்து, இறங்கியது. எல்லாரும் உட்கார்ந்தோம். ஹபீப் முகம்மது காலி பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சுவரோரம் நின்றிருந்தார். அவர் வாயில் கமர்கட் கிடையாது. ஆனாலும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் முடிந்தது. திரை பச்சையாக மாறியது. வெளியே போலீஸ் ரோட்டில் தடுப்புகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

வினோதினி போனில் சென்னை மேனேஜரை வீடியோவில் கூப்பிட்டுத் தலைவர் முன்னால் நீட்டினாள். தலைவர் தம் வாயால் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும் என்பது கம்பெனி விதி.

"வணக்கம் சார். பெட்டி திருப்தியா? ஏத்துக்கறீங்களா?"

"ம்ம்ம்ம்" என்றார் சக்கரபாணி.

"சார்?"

"ம்ம்ம்ம்ம்ம்!"

"வினோதினி, என்ன இது, கஸ்டமர் கோவமா இருக்காரா? உறுமறாரு?"

வினோதினி பதில் சொல்ல முயன்றாள். அவள் வாயிலும் வெல்லம். கமிட்டி மொத்தமும் தலையை ஆட்டியது. அந்தச் சின்னத் திரையில் அது ஆமாம் என்பது போலவும் இருந்தது, இல்லை என்பது போலவும் இருந்தது. மேனேஜர், அப்படியானால் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிடு என்று சொல்ல ஆரம்பித்தார்.

சக்கரபாணி அவசரமாக இடுப்பு மடிப்பைத் துழாவினார். கண்டக்டர் வேலையை விட்டாலும் மனுஷன் விசிலை விடவில்லை. பற்கள் திறக்கவில்லை என்றாலும் உதட்டோரம் ஒரு சந்து கிடைத்தது. அதில் விசிலைச் சொருகி, கன்னத்தை உப்பவைத்து, இரண்டு முறை ஊதினார்.

விர்... விர்...

சென்னையில் மேனேஜர் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். அங்கே அவர் ஆபீஸில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் பெட்டிகளில் இரண்டு நின்றுவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, அதனால் நான் உறுதியாகச் சொல்லவில்லை.

"இது... இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

வாயில் ஒன்றும் இல்லாதவர் அந்த அறையில் ஒருவர்தான். ஹபீப் முகம்மது போனுக்கு முன்னால் வந்து குனிந்தார்.

"டபுள் விசில் சார். ரைட், வண்டி போலாம்னு அர்த்தம். எங்க பையன் அளந்தது பாஸ். அடுத்த பெட்டி எப்ப அனுப்பறீங்க?"